ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் மாடல் ரெண்டருக்குப் போகும்போது அளவு ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைபவர் ஒரு பக்கம், அந்த மாடலை நிஜப் படம் போல ஆக்கி ரெண்டர் செய்பவர் இன்னொரு பக்கம் என்று வேலை பிரிந்திருக்கும் இடத்தில் எல்லாம் இந்தச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வீட்டு பிளானை ஆட்டோகேடில் போட்டு 3டிஎஸ் மேக்ஸுக்கோ ஸ்கெட்ச்அப்புக்கோ அனுப்புகிறவர்களும் கேட்கிறார்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் மாடலை சாலிட்வொர்க்ஸிலிருந்து பிளெண்டருக்கு எடுத்துப்போகிறவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் பேசிய மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில் வரும். அவசரமாக வந்தவர்கள் 4, 5 இரண்டை மட்டும் படித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

1. ரெண்டர்ல பார்க்க சரியாத்தானே இருக்கு, அளவு எத்தனை மடங்கா இருந்தா என்ன?

எச்டிஆர்ஐ வானத்தை (சுற்றிலும் வெளிச்சம் தரும் 360 டிகிரி படம்) மட்டும் வைத்து ஒரு பொருளை ரெண்டர் செய்தால் உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. அந்த வெளிச்சம் எல்லையில்லாத தூரத்திலிருந்து வருவதாகக் கணக்கு, சூரிய விளக்கும் அப்படித்தான், பொருள் 1 மீட்டரா 1 கிலோமீட்டரா என்று அதற்குக் கவலையே இல்லை. முதல் ரெண்டரில் பிழை மாட்டாமல் தப்பிப்பது இதனால்தான்.

அறைக்குள் போனதும் குட்டு வெளிப்படும். பல்பின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 12×10 அடி அறைக்கு 800 லூமென் பல்பு ஒன்று ஓரளவு போதும். அதே அறை 25.4 மடங்கு (ஒரு இன்ச் 25.4 மி.மீ.) பெரிதாக வந்திருந்தால் சுவரில் விழுவது 645-இல் ஒரு பங்கு வெளிச்சம். நீங்கள் பல்பின் எண்ணை ஏற்றிக்கொண்டே போவீர்கள், ஐஇஎஸ் ஃபைல் (பல்பின் வெளிச்சம் எப்படிப் பரவும் என்ற தகவல்) போட்டவர் ஃபைல்தான் கெட்டுவிட்டது என்று வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். மாறாக, கட்டடம் 25 மடங்கு சிறிதாக வந்துவிட்டால் எஃப் 2.8-இல் (கேமராவின் துளை அகலமாகத் திறந்த நிலை) எடுத்த படம் முன்னும் பின்னும் மங்கிப்போய் கொலுவில் வைத்த பொம்மை வீடு மாதிரி இருக்கும். மார்பிளுக்குள் வெளிச்சம் இறங்கும் ஆழம், பனிமூட்டத்தின் அடர்த்தி, விளிம்பை உருட்டும் பெவல் அகலம், டைல்ஸ் டெக்ஸ்சரின் பரப்பு என்று எல்லாமே நீளத்தை நம்பித்தான் இருக்கின்றன.

2. ஆட்டோகேட்ல யூனிட்ஸ் போய் மில்லிமீட்டர்னு மாத்திட்டேன், ஆனா மாடல் பழைய அளவுலயே வருதே?

ஆட்டோகேட் உள்ளே வைத்திருப்பது வெறும் எண்கள்தான். யூனிட்ஸ் பெட்டியில் மேலே இருக்கும் டைப், எண்ணை உங்களுக்கு எப்படிக் காட்டுவது என்பதற்கு மட்டும். கீழே இருக்கும் இன்செர்ஷன் ஸ்கேல், அதாவது இன்ஸ்யூனிட்ஸ் என்ற மாறி, "இந்த டிராயிங்கில் 1 என்றால் இது" என்று வெளியே சொல்லும் அறிவிப்பு. அதில் 1 என்றால் இன்ச், 2 அடி, 4 மி.மீ., 5 செ.மீ., 6 மீட்டர். 0 என்றால் யாரும் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். இரண்டில் எதை மாற்றினாலும் கோடு ஒரு துளிகூட நகராது. கோட்டின் நீளமே மாற வேண்டுமானால் ஸ்கேல் கட்டளை போட வேண்டும், அல்லது முன்னால் ஒரு கோடு வைத்து -டிடபிள்யூஜியூனிட்ஸ் என்று அடித்தால் அதுவே கேட்டுக் கேட்டு மாற்றிக் கொடுக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. டைப்பில் ஆர்க்கிடெக்சுரல் வைத்தால் 1 யூனிட்டை அது எப்போதும் இன்ச் என்றுதான் எடுத்துக்கொள்ளும். மி.மீ. கணக்கில் வரைந்த 3000 நீளச் சுவர் அங்கே 250 அடி என்று காட்டும். பயந்துபோய் சுவரை மாற்றிவிடாதீர்கள். டெசிமலுக்குத் திரும்பினால் பழைய 3000-ஏ நிற்கும்.

3. பிளான் 1:100ல இருக்கு. அப்போ ரெண்டருக்கு 100 ஆல பெருக்கணுமா?

வேண்டாம். 1:100 என்பது தாளில் அச்சடிக்கும்போது வரும் விஷயம். மாடல் ஸ்பேசில் (நாம் வரையும் இடம்) 12 மீட்டர் சுவர் 12 மீட்டராகவேதான் வரையப்பட்டிருக்கும், அச்சுத் தாளைக் காட்டும் லேஅவுட்டில் உள்ள வியூபோர்ட்தான் அதைச் சுருக்கிக் காட்டுகிறது. எக்ஸ்போர்ட் செய்வது மாடல் ஸ்பேசிலிருந்து என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பில் வந்த பிளான் என்றால் கதை வேறு, 9-ஐப் பாருங்கள்.

4. வந்த ஃபைல் அடியா, இன்ச்சா, மில்லிமீட்டரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வரைஞ்சவர் போனே எடுக்க மாட்டேங்கிறார்.

உண்மையான நீளம் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை அளந்து பாருங்கள். வீட்டு பிளானில் அதற்குத் தோதானது பெட்ரூம் கதவு, 3 அடி. டிஸ்ட் கட்டளையில் இரண்டு மூலையைத் தொட்டால் 36 என்று வந்தால் இன்ச், 3 என்றால் அடி, 900 அல்லது 914 என்றால் மி.மீ., 90 என்றால் செ.மீ., 0.9 என்றால் மீட்டர். சந்தேகம் தீரவில்லையா, 9 இன்ச் வெளிச்சுவரின் கனத்தையும் அளந்துவிடுங்கள்: 9, 0.75, 230, 23, 0.23 என்று அதே வரிசையில் வரும். மெஷின் பார்ட் என்றால் போல்ட் துளை. எம்12 போல்ட்டுக்கு வழக்கமாக விடும் துளை 13.5 மி.மீ.; அது 0.53 என்று காட்டினால் ஃபைல் இன்ச்சில் இருக்கிறது, 0.0135 என்றால் மீட்டரில்.

டிராயிங்கில் எழுதியிருக்கும் டைமென்ஷனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது பொய் சொல்லும். டிம்எல்ஃபேக் என்று ஒரு மாறி, கோட்டின் நீளத்தை ஒரு எண்ணால் பெருக்கித்தான் டைமென்ஷனில் காட்டும். கடைசி நேரத்தில் கோட்டை மாற்ற சோம்பேறித்தனப்பட்டு எழுத்தை மட்டும் கையால் அடித்துவைக்கிற டிராஃப்ட்ஸ்மேன்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கோட்டை அளந்த எண்ணும் எழுதியிருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் ரெண்டர் வேலையை ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. எத்தனை மடங்கு தப்புன்னு தெரியல, ஸ்கேல் டூலைப் பிடிச்சு இழுத்துக் கண்ணளவுல சரி பண்ணிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வந்த நீளத்தை இருக்கவேண்டிய நீளத்தால் வகுங்கள். வரும் எண்ணே எங்கே பிசகியது என்று காட்டிக்கொடுத்துவிடும். 900 மி.மீ. கதவு 22,860 மி.மீ. என்று வந்து நிற்கிறது என்றால் விகிதம் 25.4, அதாவது மி.மீ. எண்களை வாங்கியவர் இன்ச் என்று படித்துவிட்டார். 1000 என்றால் மி.மீ. எண்கள் மீட்டராகப் படிக்கப்பட்டிருக்கின்றன. 39.37 இன்ச்சை மீட்டர் என்று படித்ததால், 3.28 அடியை மீட்டர் என்று படித்ததால், 304.8 மி.மீ.யை அடி என்று படித்ததால், 12 இன்ச்சை அடி என்று படித்ததால், 100 சென்டிமீட்டரை மீட்டர் என்று படித்ததால். மாடல் சிறுத்துப்போயிருந்தால் இவற்றின் தலைகீழ் வரும்: 0.0394, 0.001, 0.3048, 0.01. விகிதம் 254 மாதிரி வந்தால் இரண்டு பிழை சேர்ந்திருக்கிறது, 25.4-உம் 10-உம்.

கண்ணளவில் இழுத்தால் என்ன ஆகும்? 3.28-க்குப் பதிலாக 3.3 என்று நின்றுவிடும், 12 மீட்டர் சுவரில் 7 செ.மீ. போய்விடும். படம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு யாராவது அதே ஃபைலில் மாடுலர் கிச்சன் மாடலை உண்மை அளவில் கொண்டுவந்து வைப்பார், அது சுவருக்குள் புதைந்துவிடும் அல்லது இடைவெளி விட்டு நிற்கும். விகிதம் மேலே சொன்ன எதனோடும் சேராமல் 1.06 என்றோ 0.87 என்றோ வந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள், ஒரு திசை மட்டும் இழுபட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

6. எந்த ஃபார்மேட்ல அனுப்பினா இந்தத் தொல்லையே வராது?

தொல்லையே இல்லாதது என்று ஒன்று இல்லை, ஆனால் வித்தியாசம் இருக்கிறது. எஸ்டிஎல், ஓபிஜே இரண்டும் யூனிட் என்றால் என்ன என்றே தெரியாதவை, வெறும் எண்களை மட்டும் சுமந்துபோகும். ஸ்டெப் ஃபைலுக்குள் யூனிட் எழுதப்பட்டிருக்கும், ஐஜெஸ் ஃபைலிலும் உண்டு. எஃப்பிஎக்ஸ் சென்டிமீட்டரை அடிப்படையாக வைத்து, ஃபைலின் யூனிட் அதில் எத்தனை மடங்கு என்று ஒரு எண் வைத்திருக்கும்: இன்ச் என்றால் 2.54, மீட்டர் என்றால் 100. கொலாடாவிலும் இதுபோல ஒரு வரி உண்டு. 3எம்எஃப் யூனிட் சொல்லும், சொல்லாவிட்டால் மி.மீ. என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஜிஎல்டிஎஃப்பில் பேச்சே இல்லை, மீட்டர் மட்டும்தான்.

யூஎஸ்டி என்ற ஃபார்மேட்டை இப்போது பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் 1 யூனிட் எத்தனை மீட்டர் என்று எழுதும் வசதி இருக்கிறது, எழுதாவிட்டால் 0.01, அதாவது சென்டிமீட்டர். ஆனால் மீட்டர் ஃபைலுக்குள் சென்டிமீட்டர் ஃபைலை ரெஃபரன்ஸாகச் சேர்த்தால் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது, நாம்தான் பெருக்க வேண்டும். ஃபைலில் யூனிட் இருப்பது ஒன்று, வாங்கும் மென்பொருள் அதைப் படித்து நடப்பது இன்னொன்று. ஆக எந்த ஃபார்மேட்டாக இருந்தாலும் இறக்கியதும் 4-இல் சொன்ன கதவை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

7. மேக்ஸ்ல டிஸ்ப்ளே யூனிட் மில்லிமீட்டர்தான் வெச்சிருக்கேன், அப்படியும் தப்பா வருது அண்ணா.

டிஸ்ப்ளே யூனிட் காட்சிக்கு மட்டும். அதே யூனிட்ஸ் செட்டப் பெட்டிக்குள் சிஸ்டம் யூனிட் செட்டப் என்று ஒரு பட்டன் ஒளிந்திருக்கும், அதைத் திறந்து பாருங்கள். மேக்ஸை நிறுவியதும் அங்கே 1 யூனிட் 1 இன்ச் என்றுதான் இருக்கும். அதுதான் உண்மையான கணக்கு. மி.மீ. டிராயிங்கோடு வேலை செய்கிறவர் புது ஃபைலைத் திறந்ததும், எதையும் இறக்குவதற்கு முன்னால், அதை மி.மீ. ஆக்க வேண்டும். பாதி வேலையில் போய் மாற்றினால் எண்கள் அப்படியே இருந்து அர்த்தம் மட்டும் மாறும், 100 இன்ச் மேசை 100 மி.மீ. மேசையாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் ரீஸ்கேல் வேர்ல்டு யூனிட்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது, அது மொத்தக் காட்சியையும் சேர்த்து மாற்றித்தரும்.

வேறு ஒருவரின் மேக்ஸ் ஃபைலைத் திறக்கும்போது யூனிட் பொருந்தவில்லை என்று ஒரு பெட்டி வரும். பலர் படிக்காமலேயே ஓகே அடிக்கிறார்கள். ரீஸ்கேல் என்றால் வருகிற பொருட்கள் உங்கள் கணக்குக்கு மாறும், அடாப்ட் என்றால் உங்கள் சிஸ்டம் யூனிட் அந்த ஃபைலுக்கு ஏற்ப மாறும். பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது முதலாவது.

8. சாலிட்வொர்க்ஸ்ல 400 மி.மீ. பம்ப், பிளெண்டர்ல 400 மீட்டர் உயரமா நிக்குது!

பிளெண்டரில் 1 யூனிட் 1 மீட்டர். பிளெண்டர் ஸ்டெப் ஃபைலை நேரடியாகத் திறக்காது என்பதால் நடுவில் ஃப்ரீகேட் போன்ற ஒன்றில் திறந்து எஸ்டிஎல் அல்லது ஓபிஜே ஆக்கியிருப்பீர்கள். ஃப்ரீகேட் உள்ளே மி.மீ. கணக்கில் இயங்குவது, 400 என்ற எண்ணை எழுதி அனுப்பும். யூனிட் இல்லாத ஃபார்மேட் என்பதால் பிளெண்டர் அதை 400 மீட்டராக வாங்கும். இம்போர்ட் பெட்டியிலேயே ஸ்கேல் 0.001 கொடுத்துவிட்டால் முடிந்தது.

சீன் பிராப்பர்ட்டீஸில் யூனிட் ஸ்கேலை 0.001 ஆக்கிவிடச் சொல்லும் ஆலோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது காட்டும் எண்ணைத்தான் மாற்றும், பம்ப் அதே 400 யூனிட்டில்தான் நிற்கும். தனியாக அந்த ஒரு பொருளை மட்டும் வைத்து வேலை செய்தால் ஓடும், நாளைக்கு ஒரு மேசையின் மேல் வைக்கலாம் என்றால் மேசையை எங்கே தேடுவீர்கள்?

9. பிடிஎஃப் பிளான்தான் இருக்கு. சிலசமயம் வாட்ஸ்ஆப் போட்டோதான். இதை வெச்சு அளவு எடுக்கலாமா?

பிடிஎஃப் என்றால் எடுக்கலாம். அது தாளின் அளவில் இருக்கும், 1:100 பிளானில் 12 மீட்டர் சுவர் 120 மி.மீ. நீளத்தில் கிடக்கும். ஆட்டோகேடில் ஸ்கேல் கட்டளைக்குள் ரெஃபரன்ஸ் போய், நீளம் எழுதியிருக்கும் ஒரு கோட்டின் இரண்டு முனையைத் தொட்டு, உண்மையான நீளத்தை அடியுங்கள். இதற்குக் கதவை எடுக்காதீர்கள், இருப்பதிலேயே நீளமான கோட்டை எடுங்கள். 900 மி.மீ. கதவில் தொடும்போது 1 மி.மீ. பிசகினால் 12 மீட்டரில் அது 13 மி.மீ. ஆகிவிடும், 12 மீட்டர் சுவரிலேயே தொட்டிருந்தால் பிசகும் அதே 1 மி.மீ.தான். கதவு யூனிட்டைக் கண்டுபிடிக்க, நீளச்சுவர் அளவை நிர்ணயிக்க.

ஸ்கேன் செய்த பிளானில் நீளவாட்டுக்கு ஒன்று, குறுக்குவாட்டுக்கு ஒன்று என்று இரண்டையும் சரிபாருங்கள், ஜெராக்ஸில் ஒரு பக்கம் இழுபடுவது உண்டு. போட்டோ என்றால் கோணம் சாய்ந்திருக்கும், அதிலிருந்து அளவை எடுக்காமல் எழுதியிருக்கும் எண்களைப் படித்து நீங்களே வரைந்துவிடுவதுதான் வேகம்.

10. ஸ்கெட்ச்அப்ல சின்ன துளை, ஃபில்லட் (உருட்டிய மூலை) எல்லாம் ஓட்டையா, முகம் இல்லாம வருது.

ஸ்கெட்ச்அப் நீங்கள் எந்த டெம்ப்ளேட்டை எடுத்தாலும் உள்ளே இன்ச்சில்தான் எண்களை வைத்திருக்கிறது, 0.001 இன்ச்சுக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகளை ஒரே புள்ளி என்று நினைத்துக்கொள்ளும். அது 0.025 மி.மீ. சொச்சம். சிறிய வளைவுகளில் துண்டுக் கோடுகள் அதற்குக் கீழே போய்விட்டால் முகம் (கோடுகளுக்கு நடுவில் நிரம்பும் பரப்பு) உருவாகாது. இம்போர்ட் ஆப்ஷனில் மி.மீ.க்குப் பதில் மீட்டர் என்று வேண்டுமென்றே சொல்லி 1000 மடங்கு பெரிதாக இறக்கி, வேலை முடிந்ததும் 0.001-ஆல் சுருக்கிவிடுங்கள். ஏற்கெனவே உருவான முகங்கள் சுருக்கும்போது போவதில்லை.

மொத்த மாடலே தப்பான அளவில் வந்திருந்தால் டேப் மெஷரால் நீளம் தெரிந்த இரண்டு முனையைத் தொட்டு, உண்மையான நீளத்தை அடித்து என்டர் தட்டுங்கள். மாடலையே மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்றால் போதும்.

11. லூமியன், ட்வின்மோஷன்னு நேரடி லிங்க் இருக்கே, அதுலயும் இதெல்லாம் பார்க்கணுமா?

லைவ் லிங்க் பிளகின்கள் மூல மென்பொருளின் யூனிட்டைப் படித்து மாற்றித்தான் அனுப்புகின்றன, அன்ரியல் எஞ்சினுக்குப் போகும் டேட்டாஸ்மித் பிளகினும் அப்படியே (அன்ரியலில் 1 யூனிட் 1 செ.மீ., யூனிட்டியில் 1 மீட்டர்). மூலத்திலேயே அறிவிப்பு தப்பாக இருந்தால் பிளகின் அந்தத் தப்பை அச்சுப்பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

12. வீடு சரியா இருக்கு, சோபா மட்டும் பஸ் சைஸ்ல வருது.

அந்த சோபா பிளாக் (டிராயிங்கில் செருகும் தயார் வரைபடம்) வேறு யூனிட்டில் வரையப்பட்டது. ஆட்டோகேடில் பிளாக்கைச் செருகும்போது இரண்டு பக்க இன்ஸ்யூனிட்ஸையும் பார்த்துத் தானாகவே பெருக்கும். ஒரு பக்கம் 0 என்று இருந்தால் ஆப்ஷன்ஸில் முன்கூட்டியே வைத்திருக்கும் யூனிட்டை ஊகமாக எடுத்துக்கொள்ளும். இணையத்தில் இலவசமாக இறக்கிய பிளாக்குகளில் பாதி இப்படித்தான், மி.மீ.யில் வரைந்துவிட்டு அறிவிப்பு இன்ச் என்று இருக்கும். அந்த பிளாக்கைத் தனி ஃபைலாகத் திறந்து அளந்து, அறிவிப்பைத் திருத்திச் சேமித்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். டிராயிங்கில் நிற்கும் சோபாவை மட்டும் சுருக்கினால் அடுத்த முறை செருகும்போது திரும்பவும் பஸ்தான் வரும்.

13. சைஸ் சரியாயிடுச்சு, ஆனா பெவலும் டெக்ஸ்சரும் ஏறுக்குமாறா இருக்கு.

பொருளுக்கு ஒரு ஸ்கேல் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளெண்டரில் என் அழுத்திப் பாருங்கள், எஃப்பிஎக்ஸ் வழியாக வந்த பொருட்களில் பல நேரம் 0.01 என்று இருக்கும். பெவல் மாடிஃபையர் அந்தப் பெருக்கலுக்கு முன்னால் நடப்பது, ஆகவே 2 மி.மீ. கொடுத்தால் கண்ணில் படுவது 0.02 மி.மீ. கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்தால் எண் 1 ஆகி, அளவு மெஷ்ஷுக்குள் (பொருளின் புள்ளிகள், முகங்கள்) போய்விடும். மேக்ஸில் இதே வேலைக்கு ரீசெட் எக்ஸ்ஃபார்ம். ஸ்கேலில் மைனஸ் எண் இருந்தால் அப்ளை செய்ததும் முகங்கள் உள்பக்கம் திரும்பலாம், நார்மல்களையும் (முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது) ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

14. 2×2 டைல்ஸ் போட்டா கடைசி வரிசையில துண்டு வருது. ஸ்கேல் தப்பா?

இல்லை, அது சரியான ரெண்டர்! கடையில் 2×2 என்று கேட்டு வாங்கும் டைல்ஸ் 600 மி.மீ., 2 அடி என்பது 609.6 மி.மீ. 20 அடி ஹால் 6096 மி.மீ., அதில் 600 மி.மீ. டைல்ஸ் பத்து போட்டால் 96 மி.மீ. மிச்சம் நிற்கும், நடுவில் விடும் ஸ்பேசர் இடைவெளி அதில் கொஞ்சத்தைச் சாப்பிடும். டைல்ஸ் ஒட்டுபவரிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார். டெக்ஸ்சரை 609.6 ஆக நீட்டி அழகாக முடித்துக் காட்டினால் பிறகு சைட்டில் துண்டு வரும்போது வீட்டுக்காரர் உங்கள் படத்தை எடுத்துக் காட்டுவார்.

செங்கலிலும் இப்படித்தான்: பழைய 9 இன்ச் செங்கல் 230 மி.மீ., மாடுலர் செங்கல் 190. டெக்ஸ்சர் படத்தில் எத்தனை செங்கல் இருக்கிறது என்று எண்ணி, அதற்கான மி.மீ. அகலத்தைப் போடுங்கள்.

15. ஃப்ளேஞ்ச் (பைப்பை இணைக்கும் வளையம்) வட்டமா இல்லாம கட்டம் கட்டமா வருது. இதுக்கும் ஸ்கேலுக்கும் சம்பந்தம் உண்டா?

பெரும்பாலும் உண்டு. ஸ்டெப் ஃபைலில் இருப்பது உண்மையான வட்டம், மெஷ் ஆக்கும்போது அதை நேர்கோட்டுத் துண்டுகளாக வெட்ட வேண்டும், வட்டத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று ஒரு நீளம் கொடுப்போம். 300 மி.மீ. விட்டமுள்ள ஃப்ளேஞ்சுக்கு 0.1 மி.மீ. கொடுத்தால் சுமார் 86 பக்கம் வரும், வழவழப்பாக இருக்கும். அதே 0.1-ஐ மென்பொருள் இன்ச் என்று எடுத்துக்கொண்டால் 17 பக்கம்தான். ஸ்மூத் ஷேடிங் போட்டு மறைத்தாலும் வெளிக்கோட்டில் முக்கு தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பிளெண்டரில் மெர்ஜ் பை டிஸ்டன்ஸ் தொடக்கத்தில் 0.0001 மீட்டர், அதாவது 0.1 மி.மீ. பம்ப் சரியான அளவில் இருந்தால் அது பெரும்பாலும் பாதுகாப்பானது. ஏற்கெனவே 1000 மடங்கு சுருங்கிப்போன பம்பில் அதை அழுத்தினால் உண்மை அளவில் 10 செ.மீ.க்குள் இருக்கும் புள்ளிகள் எல்லாம் ஒன்றாக ஒட்டி, பம்ப் பிசைந்த களிமண் ஆகிவிடும். அளவைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற சுத்தம் எல்லாம்.

16. அளவெல்லாம் பக்கா, ஆனா கட்டடம் நடுங்குது, சுவரெல்லாம் பல்லுப்பல்லா தெரியுது.

சர்வேயர் கொடுத்த ஆயத்தொலைவிலேயே மாடல் கிடக்கிறது. சென்னையில் யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) கணக்கில் ஒரு இடம் வடக்கே சுமார் 14,46,000 மீட்டர் என்று வரும். ரெண்டர் மென்பொருள்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் சிங்கிள் பிரிசிஷன் (சுமார் ஏழு இலக்கம் வரைதான் துல்லியம்) எண்ணில் அவ்வளவு பெரிய எண்ணுக்கு அடுத்த எண் 0.125 தள்ளித்தான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் 12.5 செ.மீ. கட்டத்தில் போய் உட்காரும், 230 மி.மீ. சுவரின் இரு பக்கமும் எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மி.மீ.க்கு மாற்றினால் சரியாகாது, அங்கேயும் அடுத்த எண் 128 மி.மீ. தள்ளிதான்.

எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால், கேட் மென்பொருளிலேயே, மனையின் ஒரு மூலையை 0,0-க்கு நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள், ரோடு தனியாக, மரங்கள் தனியாக வரும்போது அவற்றையும் அதே எண்ணால் நகர்த்த வேண்டியிருக்கும். இம்போர்ட் செய்த பிறகு நகர்த்திப் பிரயோஜனம் இல்லை, அதற்குள் புள்ளிகள் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

17. அமெரிக்க புராஜெக்ட். அடிக்கு அடிதான், ஆனா சைட் மட்டும் 4 அடி தள்ளிப்போய் உட்காருது.

அவர்களிடம் இரண்டு அடி இருந்தது. சர்வதேச அடி 0.3048 மீட்டர், சர்வே அடி 1200/3937 மீட்டர், வித்தியாசம் பத்து லட்சத்தில் 2 பங்கு. கட்டடத்துக்குள் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் ஆயத்தொலைவு 20 லட்சம் அடி என்று இருந்தால் 4 அடி வந்துவிடும். 2022-ஆம் ஆண்டு முடிவோடு சர்வே அடியை அங்கே கைவிட்டார்கள், பழைய சைட் டிராயிங்குகள் அதிலேயேதான் இருக்கின்றன. கட்டடத்தையும் சைட்டையும் ஒரே பொதுப்புள்ளியில் பிடித்து 16-இல் சொன்ன மாதிரி 0,0-க்குக் கொண்டுவந்துவிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும்.

18. எல்லாத்தையும் அளந்தாச்சு, சரியாத்தான் இருக்கு. ஆனா கிளையன்ட் "என் ஹால் இவ்ளோ பெருசு கிடையாதே"ங்கிறார்.

இது கேமரா. 36 மி.மீ. சென்சாரில் 18 மி.மீ. லென்ஸ் போட்டால் குறுக்குக் கோணம் 90 டிகிரி, பக்கத்தில் இருப்பது பூதாகரமாகவும் எதிர்ச்சுவர் தெருக்கோடியிலும் தெரியும். 24-க்கும் 35-க்கும் நடுவில் முயன்று பாருங்கள், கேமராவின் உயரத்தையும் 1.2-லிருந்து 1.5 மீட்டருக்குள் வையுங்கள். அறைக்குள் கேமரா வைக்க இடம் போதவில்லை என்றால் பின்சுவரை வெட்டும் கிளிப்பிங் வசதியைப் போட்டு, கேமராவைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கலாம். ஹாலில் நிற்கும் ஆளாக 1.68 மீட்டர் உருவம் ஒன்றையும் வைத்து ஒரு படம் அனுப்புங்கள், கிளையன்ட்டிடம் விகிதம் பற்றி விளக்குவதைவிட அது சீக்கிரம் முடியும். அப்புறமும் பெருசு என்றால் அவர் வீட்டு ஹாலை டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள், சில நேரம் பிளானே தப்பாக இருக்கும்.